நாற்று விட்டதிலிருந்து போரடிக்கும் வரை: மன்னார்குடிப் பக்கம் நாலு நாள்

முதல் நாள், வியாழன். மன்னார்குடி

மன்னை எக்ஸ்பிரஸ் நேரத்துக்கே வந்துவிட்டது. தை பிறந்து ஒரு வாரமாகியும் பனி விடவில்லை. ஆட்டோக்காரர் காதை மறைத்துத் துண்டு கட்டியிருந்தார். ஹரித்ராநதிக் கரையில் திரும்பியபோது குளம் கண்ணுக்குத் தெரியவில்லை, நடுவில் இருக்கும் கோயிலின் தலை மட்டும் மிதந்தது.

பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தக் கடனை இப்போது நாலு நாளில் அடைக்க வந்திருக்கிறேன். சென்னையில் 16 வருடமாக, விளையாடுகிற பிள்ளைகளின் முட்டியையும் கணுக்காலையும் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட் நான். ஊருக்கு வந்தால் திண்ணையில் ஒரு கிளினிக் தானாக முளைத்துவிடும். இந்தத் தடவை முதல் ஆள் எங்கள் அக்கா மகன்தான். நான் பல் விளக்கும் முன்பே ஸ்கேன் கவரோடு வந்து உட்கார்ந்துவிட்டான்.

"சித்தி, சனிக்கிழமை மேட்ச் இருக்கு. ஆடலாமா?"

வயது 19. கபடி. ஆகஸ்டு தொடக்கத்தில் பாடிப் போய்த் திரும்பும்போது வலது முட்டி மடங்கியிருக்கிறது. யாரும் தொடவில்லை, 'டப்'பென்று ஒரு சத்தம் மட்டும். ஊரில் ஜவ்வு என்போமே, அதில் ஒன்றான ஏ.சி.எல். முழுக்கக் கிழிந்துவிட்டது. இப்படி, ஆள் மேலே விழாமலே திரும்பும்போதும் குதித்து ஊன்றும்போதும் கிழிவதுதான் அதிகம். அந்த மாதக் கடைசியில் ஆபரேஷன். "ஆறு மாசத்துல ஆடலாம்னு சொன்னாங்க, இப்ப அஞ்சு ஆச்சு" என்றான், ஒரு மாதம்தானே தள்ளுபடி என்கிற குரலில்.

ஆபரேஷனுக்குப் பிறகு என்ன பயிற்சி செய்தாய் என்று கேட்டேன். "பத்து நாள் கரண்ட் வச்சாங்க."

கரண்ட் வைப்பது என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: முட்டியின் இரண்டு பக்கமும் பட்டையை ஒட்டி, மெஷினைப் போட்டுவிட்டு, 15 நிமிடம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது. குறுகுறுவென்று சுகமாக இருக்கும். தசை வளராது. என் தொழில்காரர்கள் செய்கிற காரியம்தான் இது, அதனால் கோபத்தை யார்மேலும் காட்ட முடியவில்லை. ஒரு பிள்ளைக்கு 40 நிமிடம் நின்று பயிற்சி சொல்லிக்கொடுப்பதைவிட நாலு பேரை நாலு மெஷினில் படுக்கவைப்பது லாபம்.

அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து டேப்பை எடுத்தேன். முட்டிச் சில்லுக்கு 10 சென்டிமீட்டர் மேலே தொடையை அளந்தால், வலது இடதைவிட 3 சென்டிமீட்டர் சிறுத்திருந்தது. அப்புறம் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்காரவைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு ஒற்றைக்காலில் எழுந்து உட்காரச் சொன்னேன். இடது காலில் 22. வலது காலில் 9, பத்தாவதில் முட்டி உள்பக்கம் சாய்ந்து கை தானாக மேசையைப் பிடித்தது. அவனுக்கும் முகம் விழுந்துவிட்டது. இதற்கு ஸ்கேன் தேவையில்லை.

இப்படி ஆபரேஷன் செய்துகொண்ட வீரர்களை நார்வேயிலும் அமெரிக்காவிலும் பின்தொடர்ந்து பார்த்து 2016-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒன்பது மாதம் வரை, திரும்ப ஆடுவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் அந்த முட்டி மறுபடி அடிபடும் வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இரண்டு காலின் பலமும் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும் என்பது கூடவே வரும் நிபந்தனை. இதைச் சொன்னதும் "ஒம்பது மாசமா?" என்று எழுந்தே விட்டான்.

அடுப்படியிலிருந்து அம்மா: "குறுவைக்கு நாத்து விட்டதுலேர்ந்து சம்பா அறுத்துப் போரடிக்கிற வரைக்கும்னு வச்சுக்கடா."

"அதுக்குள்ள மாவட்ட செலக்‌ஷன் முடிஞ்சிரும் அம்மாச்சி."

அவன் சொல்வதும் நியாயம்தான். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதற்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு அணியில் பெயர் வேண்டும், செலக்‌ஷன் மார்ச்சில். நார்வேயில் ஒன்பது மாதம் காத்திருந்தவர்களின் கணக்கில் இதெல்லாம் வராது.

இன்னொரு விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். 2010-இல் ஸ்வீடனில் இதேபோல் ஏ.சி.எல். கிழிந்த 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு உடனே ஆபரேஷனும் பயிற்சியும். மற்ற 59 பேருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இரண்டு வருடம் கழித்து இரு பக்கமும் முட்டியின் நிலைமை ஒன்றுபோலத்தான் இருந்தது. அந்த 59 பேரில் 23 பேர்தான் அதற்குள் கத்திக்குப் போயிருந்தார்கள். கபடி மாதிரி வெட்டித் திரும்புகிற ஆட்டத்துக்கு ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, இவனுக்கும் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் இப்படி இரண்டு வழி இருக்கிறது என்றே யாரும் அக்காவிடம் சொல்லவில்லை. நகையை அடகு வைத்த பிறகு போய் அதை அவளிடம் சொல்லி என்ன.

இரண்டாம் நாள், வெள்ளி. வடுவூர்

காலையில் தஞ்சாவூர் பஸ். கண்டக்டர் படியிலிருந்து கடைசி சீட்டு வரை நாலு தடவை நடந்திருப்பார், அதுவும் சந்தைக் கூடைகளைத் தாண்டித் தாண்டி. உடற்பயிற்சி மருத்துவத்தின் பழைய கதையே ஒரு பஸ்ஸில்தான் தொடங்குகிறது. ஜெரமி மோரிஸ் என்பவர் லண்டன் மாடி பஸ்களில் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953-இல் எழுதினார்: நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிற டிரைவரைவிட, படியேறி இறங்குகிற கண்டக்டருக்கு மாரடைப்பு குறைவு. பிறகு அவரே அந்தக் கணக்கைச் சந்தேகப்பட்டு, சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு வேலைக்குச் சேரும்போதே பெரிது! தன் முடிவில் தானே ஓட்டை தேடிய அந்த மனுஷன் மேல் எனக்கு மரியாதை அதிகம். எங்கள் கண்டக்டரிடம் இதைச் சொன்னேன். "எனக்கு முட்டி வலிக்குதும்மா, அதுக்கு லண்டன்ல என்ன சொல்றாங்க?" என்றார்.

வடுவூர் ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தது. வெளியூர்ப் பறவைகள் இன்னும் கிளம்பவில்லை. பத்து நிமிடம் நின்றேன், போதும்.

நான் வந்தது பறவைக்கு இல்லை, கபடிக்கு. 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் ஆடிய அபினேஷ் இந்த ஊர்ப் பிள்ளை. இங்கே சின்னப் பையன்கள்கூட நிற்கிற இடத்தை 'கார்னர்', 'கவர்' என்றும் கணுக்கால் பிடியை 'ஆங்கிள் ஹோல்ட்' என்றும்தான் பேசிக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்த பயிற்சியாளர் ஒருவர், எல்லோருக்கும் மாஸ்டர், பக்கத்தில் ஒரு திடலில் பையன்களை வைத்துக்கொண்டிருந்தார். போனபோது அவர்கள் வரிசையாக உட்கார்ந்து காலை நீட்டி விரலைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருவன் முதுகை இன்னொருவன் அழுத்த.

"இதை 30 வருஷமா பண்றோம். தப்புங்கறியாம்மா?"

தப்பில்லை மாஸ்டர், ஆனால் அடிபடுவதை இது தடுப்பதாகத் தெரியவில்லை என்றேன். 2014-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது நீட்டி மடக்குவதால் காயம் குறையவில்லை. பலம் கூட்டும் பயிற்சி செய்தவர்களுக்குக் காயம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. மாஸ்டர் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "சரி, ஒண்ணு காட்டு."

ஒரு பையனை மண்டியிடச் சொன்னேன். இன்னொருவன் பின்னால் உட்கார்ந்து அவன் கணுக்கால் இரண்டையும் தரையோடு பிடித்துக்கொண்டான். மண்டியிட்டவன் முதுகு வளையாமல், இடுப்பு மடங்காமல், மரம் சாய்வதுபோல மெதுவாக முன்னால் சாய வேண்டும். பின்தொடைத் தசை மட்டுமே அவனை இழுத்துப் பிடிக்க வேண்டும். முடியாத இடத்தில் கையூன்றி விழலாம். மேட் என்கிற விரிப்பில் சிங்கம் மாதிரி பாடிப் போகிற ரைடர், பாதிகூடச் சாயாமல் பொத்தென்று விழுந்தான். அவ்வளவுதான், திடலே சிரித்துவிட்டது. பிறகு எல்லோரும் விழுந்தார்கள். இதற்கு நார்டிக் பயிற்சி என்று பெயர். 2019-இல் 15 ஆய்வுகளை, 8,000-க்கும் மேற்பட்ட வீரர்களைச் சேர்த்துப் பார்த்ததில், இதைச் செய்த அணிகளில் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகியிருந்தது. மெஷின் வேண்டாம், ஜிம் வேண்டாம், காலைப் பிடிக்க ஒரு கூட்டாளி போதும். கபடிக்காரனுக்குக் காலைப் பிடிக்கச் சொல்லித்தரவா வேண்டும்? முதல் வாரம் ஒரே நாள், ஐந்து ஐந்தாக இரண்டு தடவை மட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஆர்வத்தில் ஐம்பது செய்தால் மறுநாள் படி இறங்க முடியாது, பழி என்மேல் வரும்.

மண்ணா மேட்டா என்ற பேச்சும் வந்தது. இங்கே பழகுவது வெறுங்காலோடு மண்ணில், தேர்வுக்குப் போனால் ஷூவோடு மேட்டில். மண்ணில் கால் கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும். மேட்டில் பாதம் அப்படியே நிற்கும், உடம்பு மட்டும் திரும்பும், நடுவில் மாட்டுவது முட்டி. நார்வே ஹேண்ட்பால் அரங்குகளில் தரையின் பிடிப்பு கூடியபோது பெண்களின் ஏ.சி.எல். அதிகம் கிழிந்ததாக 2003-லேயே எழுதியிருக்கிறார்கள். எங்கள் அக்கா மகனும் ஆகஸ்டில் மேட்டில்தான் விழுந்தான், அதில் ஆடத் தொடங்கி மூன்றாவது நாள்.

சாயங்காலம் பெண்கள் அணி. மாஸ்டர் "நீங்க பேசுங்க" என்று ஏரிப் பக்கம் நகர்ந்துவிட்டார். 15, 16 வயதுப் பிள்ளைகள். முட்டி, கணுக்கால், தோள் என்று கேள்விகள் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு ஒருத்தி மட்டும் ஷூ லேஸைக் கட்டுவதாகப் பாவனை செய்துகொண்டு தங்கினாள்.

"அக்கா, எனக்கு அஞ்சு மாசமா வரல. நல்லதுதானே, மேட்ச் சமயத்துல தொல்லை இல்ல."

காலையில் என்ன சாப்பிட்டாய் என்றேன். டீ, இரண்டு பிஸ்கட். ஐந்தரைக்குப் பயிற்சி, ஏழரைக்கு பஸ், மத்தியானம் பள்ளிச் சாப்பாட்டில் பாதி, எடைப் பிரிவுக்காக ராத்திரி சாப்பிடுவதில்லை. கணுக்காலுக்கு மேலே எலும்பை அழுத்தினால் ஒரே இடத்தில் சுள்ளென்று வலிக்கிறது என்றாள். போன வருடம் இதேபோல இன்னொரு காலில்.

உடம்புக்கு வருகிற சாப்பாடு ஆட்டத்துக்கே போய்விட்டால், மிச்ச வேலைகளை அது ஒவ்வொன்றாக நிறுத்தும். முதலில் நிற்பவற்றில் ஒன்று மாதவிடாய், கூடவே எலும்பு இளைக்கும். 'ரெட்-எஸ்' என்று 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்குப் பெயர் வைத்தது, 2023-இல் புதுப்பித்தது. ஆண்களுக்கும் வரும், ஆனால் அவர்களிடம் மாதாமாதம் அடிக்கிற மணி கிடையாது. நாளைக்கே பெண் டாக்டரைப் பார், அந்தக் கால் எலும்பைப் படம் எடுக்கும் வரை குதிக்காதே என்று சொல்லி, அவள் அம்மாவிடமும் போனில் பேசினேன். கருத்தரிப்பிலிருந்து தைராய்டு வரை வேறு காரணங்களையும் டாக்டர் பார்த்துத்தான் ஒதுக்க வேண்டும், அது என் வேலை இல்லை.

விளையாட்டு அறிவியல் ஆய்வுகள் ஐயாயிரத்துச் சொச்சத்தை எடுத்து 2021-இல் எண்ணிப் பார்த்தார்கள். பெண்களை மட்டும் வைத்துச் செய்தவை 6 சதவீதம். இந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பாதி விஷயம் ஆண்களை வைத்து அளந்தது. ராத்திரி வீட்டுக்கு வந்தும் அந்த ஷூ லேஸ்தான் கண்ணில் நிற்கிறது.

மூன்றாம் நாள், சனி. நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம்

விடிய விடிய கபடி. பார்த்துவிட்டுப் படுக்காமலே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுவடையான வயலில் மண் கொட்டிக் களம் போட்டிருந்தார்கள். நாலு மூலையிலும் ஃபோகஸ் லைட், ஒலிபெருக்கி, பஜ்ஜிக் கடை, பரிசுக் கோப்பைக்குப் பக்கத்தில் கட்டிப்போட்ட ஆடு. முதலுதவி என்றால் ஒரு ஸ்ப்ரே டப்பா. யார் எங்கே அடிபட்டாலும் ஓடிப்போய் அடிப்பார்கள், புகை வரும், கூட்டம் கைதட்டும். தோலைச் சில்லிட வைத்து மரத்துப்போகச் செய்வதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. ஐஸ் வேண்டும் என்றால் ரோஸ்மில்க் கடைக்காரர் தருவார். ஐஸ் பற்றியும் பாடம் மாறிவிட்டது. ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயர்த்தி வை என்ற சூத்திரத்தை 1978-இல் எழுதியவர் அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின். அவரே 2014-இல், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றி எழுதினார். வலிக்குக் கொஞ்ச நேரம் வைக்கலாம், அவ்வளவே. சுளுக்கினால் வலி தாங்குகிற அளவுக்குச் சீக்கிரம் ஊன்றி நடக்கத் தொடங்குவது நல்லது. அடிபட்ட முதல் ஒன்றிரண்டு நாளில் எண்ணெய் போட்டு நீவுவதுதான் ஆகாது. நேற்று கட்டுக்கட்டிய கணுக்காலை இன்று அழுத்தி நீவிக்கொண்டிருந்த தாத்தாவிடம் இதைச் சொல்லித் திட்டு வாங்கினேன்.

பதினொரு மணி ஆட்டத்தில் அது நடந்தது. பாடி வந்தவன் கோட்டுக்குத் தாவும்போது இடது கார்னர் காலைப் பிடித்துவிட்டான். விழுந்தவனின் நெற்றிப்பொட்டு கவர் பையனின் முட்டியில் மோதியது. மைக்குக்கும் கேட்டிருக்கும், அப்படி ஒரு சத்தம். பத்து விநாடி அசையவில்லை. தண்ணீர் தெளித்தார்கள், எழுந்தான், தள்ளாடினான், தொடையில் தட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டான்.

"நம்ம ஊரு டாக்டரம்மா களத்துக்கு வரவும்" என்றது மைக். நான் டாக்டர் இல்லை. பிசியோதெரபிஸ்ட்கள் பெயருக்கு முன்னால் 'Dr' என்ற இரண்டு எழுத்தைப் போடக்கூடாது என்று 2025 செப்டம்பரில் டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்து, மறுநாளே திரும்பப் போன கூத்தை எங்கள் ஆட்கள் மறக்க மாட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வயல்காட்டில் அந்தப் பஞ்சாயத்துக்கு நேரமில்லை, போனேன்.

கழுத்தைப் பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேட்டேன். இது எந்த ஊரு கிரவுண்டு? முதல் பாதியா, ரெண்டாவதா? இப்ப யாரோட ஆடுறீங்க? முதல் இரண்டையும் சரியாகச் சொன்னான். மூன்றாவதற்கு, ஒன்பது மணிக்கு ஜெயித்துவிட்டு வந்த அணியின் பெயரைச் சொன்னான். அதுவும் சிரித்துக்கொண்டே.

இவன் இன்றைக்கு ஆடக்கூடாது என்றேன். கேப்டன், "நாலு பாயிண்ட் பின்னாடி இருக்கோம்க்கா, ரெண்டு ரைடு மட்டும்" என்றான். நடுவர், அவனே ஆடுகிறேன் என்கிறான், நான் எப்படி நிறுத்துவது என்றார். எனக்கு அங்கே என்ன அதிகாரம்? பெரிய ஊர்ப் போட்டிகளில் அணி டாக்டருக்கே இந்தச் சிக்கல் உண்டு, சம்பளம் தருகிற அணிக்கு எதிராக அவர் விசில் ஊத வேண்டும். கடைசியில் காப்பாற்றியது விழாக் குழுவில் இருந்த ஒரு பெரியவர். "நாளைக்கு இவன் அப்பனுக்கு நான் பதில் சொல்லணும். உக்காருடா!" அத்தோடு முடிந்தது.

மூளை குலுங்கினால் அன்றே திரும்ப இறக்கக்கூடாது என்பதில் உலகத்தில் இரண்டு கருத்து இல்லை. மாறியது அதற்குப் பிறகான பாடம். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிப் பேசி மறு வருடம் வெளியிட்ட உடன்பாட்டில், இருட்டறையில் படுக்கப்போடுவது வேண்டாம் என்கிறார்கள். முதல் ஒன்றிரண்டு நாள் வீட்டு வேலைகளோடு மெதுவாக நடக்கலாம், போன் பார்ப்பதைக் குறைக்க வேண்டும், அப்புறம் படிப்படியாக ஓட்டம். 2010-இல் ஒரு கல்லூரிப் பையனை நான் ஒரு வாரம் ஜன்னலைச் சாத்திப் படுக்கவைத்தேன். அன்றைய வழக்கம் அதுதான் என்றாலும், அந்த வாரம் அவன் எப்படித் தவித்தான் என்று அவன் அம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறது. இந்தப் பையனின் மாமாவிடம் சொல்லி அனுப்பினேன்: இன்றைக்குத் தனியாக விடாதீர்கள், பைக் ஓட்ட விடாதீர்கள், வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, குழறல், எழுப்பினால் எழாத தூக்கம், எது வந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்.

இன்னொன்று. அணி உட்கார்ந்திருந்த பாயில் லேபிள் பாதி கிழிந்த பவுடர் டப்பா ஒன்று சுற்றிவந்தது. ஜிம் அண்ணன் கொடுத்தது, பலம் வரும் என்றார்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2023 கணக்கில், ஐயாயிரத்துக்கும் மேல் மாதிரி எடுத்த நாடுகளில் ஊக்கமருந்து தென்பட்ட மாதிரிகளின் சதவீதத்தில் இந்தியாதான் உச்சம், 3.8. தெரியாமல் சாப்பிட்டேன் என்றால் தண்டனை குறையலாம், குற்றம் போகாது. ஆட்டுக்கறி பரிசு வாங்கப் போகிறவர்களுக்கு எதற்கு அந்தப் பவுடர் என்று கேட்டேன், சிரித்தார்கள். டப்பா சுற்றுவது நிற்கவில்லை.

அக்கா மகன் ஆடவில்லை. ஸ்கோர் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். ஆனால் சட்டைக்கு உள்ளே ஜெர்சி போட்டிருந்தான், காலர் தெரிந்தது.

நான்காம் நாள், ஞாயிறு. மன்னார்குடி, அப்புறம் ரயில்

மத்தியானம் வரை தூக்கம். சித்தப்பாவோடு கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். தார்ப்பாயில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. 40 கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பலகையில் லாரிக்கு ஏறுகிறார்கள், ஒரு ஆள் நாளைக்கு இத்தனை என்று கணக்கே இல்லாமல். அவர்களில் ஒருவர், 45 வயதிருக்கும், பிளாஸ்டிக் கவரில் முதுகு எம்.ஆர்.ஐ. வைத்திருந்தார். "டிஸ்க் தேஞ்சிருச்சாம். இனிமே குனியவே கூடாதாம். குனியாம என்னம்மா வேலை பாக்கறது?"

முதுகே வலிக்காத ஆட்களுக்கு எடுத்த ஸ்கேன்களைச் சேர்த்து 2015-இல் பார்த்தார்கள். டிஸ்க் தேய்மானம் 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு, 80 வயதில் 96 சதவீதம் பேருக்கு. நரை மாதிரி அது. காலில் மரமரப்பு, பலக்குறைவு, சிறுநீர் கட்டுப்பாடு எல்லாம் கேட்டேன், ஒன்றும் இல்லை. நாலு வருடமாக இருந்த வலி, போன மாதம் தானே குறைந்துவிட்டது, பயம் மட்டும் கவரோடு தங்கிவிட்டது. தினமும் மூட்டை தூக்குகிறவரிடம் குனியாதே என்பது மருத்துவமா? முதலில் சும்மா குனிந்து நிமிரவைத்தேன், பிறகு கால் மூட்டை நெல்லோடு. நாலாவது தடவை மூச்சைப் பிடிக்காமல் தூக்கினார். பக்கத்தில் இருந்தவர், "ஏழு நாளா இவன் மூட்டையையும் நாங்கதான் தூக்குறோம், நல்லா சொல்லுங்கம்மா" என்றார். கூலி மூட்டை எண்ணிக்கைக்குத்தானே.

ரயிலுக்கு அக்கா மகன்தான் பைக்கில் கொண்டுவந்து விட்டான். ஜூன் வரைக்குமான பயிற்சியைக் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: நாற்காலி, படி, செங்கல் கட்டிய சாக்கு, வாரம் மூன்று நாள். மாஸ்டர் செலக்‌ஷன் பட்டியலில் அவன் பெயரைக் கொடுத்துவிட்டதாக வழியில் சொன்னான். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் மேலே பேசவில்லை.

பையை ஏற்றிவிட்டு இறங்கினான். தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க ஏறி இறங்கினான். வண்டி அசையும் நேரத்தில், அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையை மறந்துவிட்டேன் என்று மறுபடி ஏறினான். மூன்று தடவையும் படியில் முதலில் வைத்தது இடது கால்.